எங்கள் கல்யாணப் படத்தில் செருகப்பட்டவர்

கூடத்துச் சுவரில் எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. ஒரு நாள் மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது பார்க்கிறேன், சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, சரியாக என் பக்கத்து மூலையில், ஓர் அயல்நாட்டுப் பத்து ஃபிராங்க் நோட்டு செருகியிருந்தது. சிவப்பும் பழுப்புமான அந்தத் தாளில் ஒருவர் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி தெளிவாக இருந்தார். நோட்டின் ஓரம் என் பட்டுப் புடவையின் தோளை மறைத்திருந்தது. என் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை, படத்தில் முழுசாக நின்றார்.

அந்தத் தலைத்துணிக்காரர் யாரென்று நான் கேட்கவே வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை. பெயரை எழுத மாட்டேன். என் வீட்டில் என் பெயரைவிட அதிகம் ஒலித்த பெயர் அது, நானும் ஒரு தடவை சொல்லிச் சேர்த்துவிட வேண்டாம். என் கணவர் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளர். நான் பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிச் செங்கம் ரோட்டில் வாடகை வீட்டுக்கு வந்தோம். மாமியார் ஊரில், நாத்தனார் கிடையாது, கொடுத்து வைத்தவள் என்றாள் என் அம்மா. வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருப்பது அவளுக்குத் தெரியாது.

எதைத் தொட்டாலும் அந்த மனிதர் எனக்கு முன்னாலேயே தொட்டிருந்தார். பம்பரம் சுற்றுவதைப் பற்றிப் பாடக் குறிப்பு எழுதினால், அந்தச் சமன்பாடு அவருடையது என்பார் என் கணவர். குழாயில் ஓடும் தண்ணீருக்கும் அவர், வீணைக் கம்பி அதிர்வதற்கும் அவர், நிலா போகும் பாதைக்கும் அவர். ஒரு ஊரின் பாலங்களை ஒன்றைக்கூட இரண்டு தடவை கடக்காமல் சுற்றிவர முடியுமா என்று யாரோ கேட்ட விளையாட்டுக் கேள்வியிலிருந்து கணிதத்தில் ஒரு புதுக் கிளையையே வளர்த்துவிட்டார் என்று பௌர்ணமிக்குக் கிரிவலம் போகும்போதுகூடச் சொல்லிக்கொண்டு வருவார். அடி அண்ணாமலை தாண்டியும் அது முடியாது. சார்பைக் குறிக்க f என்று போடுவதும், கூட்டலுக்கு அந்தக் கோணல் சிக்மாவைப் போடுவதும் அவர் தொடங்கி வைத்தது என்று தெரிந்த அன்று எனக்குச் சாக்பீஸைத் தொடவே எரிச்சலாக இருந்தது. சக்களத்தி என்றால் சண்டை போடலாம். இருநூறு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவரிடம் என்னத்தைப் போடுவது?

நான் டைபாய்டில் படுத்திருந்தபோது என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன ஆறுதல், அந்த மனிதர் இரண்டு கண்ணும் போன பிறகுதான் இன்னும் அதிகமாக எழுதினார் என்பது. அவர் ஒரு ஜெர்மானிய இளவரசிக்கு ஒளி, ஒலி, காந்தம் எல்லாவற்றையும் கடிதம் கடிதமாக விளக்கி எழுதியவர் என்றும் ஒரு நாள் சொன்னார். அது என் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. கோடை விடுமுறைக்கு நான் அம்மா வீட்டுக்குப் போனால் என் கணவரிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வரும். ரேஷன் கார்டை எங்கே வைத்தாய் என்று இருக்கும்.

நோட்டைக் கொண்டுவந்தவள் ஒரு வெள்ளைக்காரி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அந்த மனிதர் பிறந்த ஊரிலேயே பிறந்தவள், அங்கே கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரு டீக்கடையில் இது என் கணவருக்குத் தெரியவந்ததும் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொசுவம் சரியாக நிற்காத நூல் புடவையோடு கூடத்தில் சம்மணம் போட்டு உட்காருவாள். இவர் தாளில் எழுதிக் காட்டிப் பேசிக்கொண்டே போவார். அப்போது இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். காபி கொண்டுபோய் வைப்பேன், இரண்டு பேரும் நிமிர மாட்டார்கள். அவள் அழகி என்று நான் பொறாமைப்படவில்லை. அந்த முகம் எனக்கு வேண்டியிருந்தது. அதை நான் பக்கவாட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் நேருக்கு நேர் கிடைத்ததில்லை.

ஊருக்குப் போகும்போது அவள் அந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அது படத்தில் ஏறிய அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"நானும் பிசிக்ஸ் படிச்சவதாங்க. எங்கிட்ட ஒரு நாளாவது இதையெல்லாம் உக்காந்து பேசியிருக்கீங்களா?"

"உனக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்?" என்றார்.

குத்திக் காட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு சாப்பாடு, மளிகை, எங்கள் பையனின் இருமல் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை. நோட்டை நான் எடுக்கவில்லை. அவருக்கும் எடுக்கத் தோன்றவில்லை.

கார்த்திகை வந்தது. தீபத் திருவிழாவுக்காக எங்கள் பள்ளிக்கு எதிரே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நெட்டையாகச் சவுக்குக் கழிகளை நட்டு, பாதி உயரத்தில் குறுக்குக் கழி கட்டிக்கொண்டு போனார்கள். மேலேதானே பாரம், நடுவில் எதற்குக் கட்டுகிறார்கள் என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். பாடத்தில் இல்லாத கேள்வி. மூலையில் இருந்த துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி மேசையில் நிறுத்தி, நுனியில் விரலால் அழுத்தினேன். லேசாகத் தொட்டதும் பக்கவாட்டில் வளைந்துவிட்டது. அதில் பாதி நீளம் எடுத்து அழுத்தினேன், விரல் வலித்ததே தவிர அது அசையவில்லை. பிறகு இன்னொரு முழு ஈர்க்கை நிறுத்தி, அதன் நடுவை மட்டும் இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டவளையே கூப்பிட்டேன். இப்போது நீள ஈர்க்கும் குட்டை ஈர்க்கு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தால் நாலு மடங்கு பாரம் தாங்கும் என்றேன். இதற்கும் அந்த மனிதரின் சூத்திரம்தான். அவர் பெயரைச் சொல்லாமலே பாடத்தை முடித்தேன்.

திரும்பினால் வாசலில் என் கணவர். விடைத்தாள் திருத்த வேலூருக்குக் கிளம்பியவர் வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்திருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியவில்லை. வராந்தாவில் சாவியை வாங்கக் கை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை.

"வேலைக்குச் சேந்ததுலேருந்து இந்தக் கணக்கை போர்டுல போடறேன். ஒரு குச்சியை எடுத்து அழுத்திப் பாக்கணும்னு தோணினதே இல்ல" என்றார். எதிரே பந்தலைக் கையால் காட்டினார். "அவருக்கு ரெண்டும் தெரியும், கணக்கும் தெரியும், இதுவும் தெரியும். எனக்குப் பாதிதான். மீதி உங்கிட்ட இருக்கு. உங்கிட்ட போய் நான் என்னத்தை விளக்கறது? உன்னைப் பாத்தா எனக்கு எப்பவுமே வயித்தெரிச்சல்தான்."

அந்த வெளிச்சம் அவர் முகத்தில் இருந்தது. நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான பிறகு எனக்குக் கிடைத்த மிகப் பிரியமான வார்த்தை வயிற்றெரிச்சல்தான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். வேலூரிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக நோட்டை எடுத்துத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் சமன்பாட்டோடு சமையலறைக்கு வருவார், நான் குடத்தையோ கரண்டியையோ நூலையோ எடுத்து அதை ஓடவைத்துக் காட்டுவேன். எத்தனையோ சாம்பார் அடிப்பிடித்திருக்கிறது. ஆனாலும் அந்த மனிதர் மேல் எனக்கிருந்த பொறாமை ஜாஸ்தியானதே தவிரக் கம்மியாகவில்லை. இப்போது எனக்கும் அவரைப் பிடித்துவிட்டது, அதனால்.

எண்பதுகளின் கடைசியில் வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். என் கணவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பேத்தி சென்னையில் பொறியியல் படிக்கிறாள். தொலைபேசியில் பேசினால் அந்த மனிதர் பெயரைத்தான் வாய் நிறையச் சொல்கிறாள். கைபேசியில் வழி காட்டுகிறதே, அதற்கு அடியில் இருப்பதும் அவருடைய அந்தப் பாலக் கணக்குதான் பாட்டி என்கிறாள். செத்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆனவர் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகிறார். இங்கே முந்தாநாள் மாதிரி போனவரைத் தெருக்கோடியில்கூட மறந்துவிட்டார்கள். அவரிடம் படித்தவர்கள் பார்த்தால் கும்பிடுகிறார்கள், கணக்கு சார் வீட்டம்மா என்கிறார்கள். கணக்கு சார் பெயரைக் கேட்டால் யோசிக்கிறார்கள். வயிறு எரிகிறது எனக்கு.

வீட்டு மின் இணைப்பு மட்டும் இன்னும் என் கணவர் பெயரில் இருக்கிறது. ரசீதில் அவர் பெயர் முழுதாக, தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு அச்சாகி வருகிறது. "உன் பேருக்கு மாத்திடலாம்மா, ஒரு கையெழுத்துதான்" என்று வரும்போதெல்லாம் மகன் சொல்கிறான். நான் போடுவதாக இல்லை. அந்த மனிதருக்கு உலகத்திலுள்ள அத்தனை புத்தகமும் இருக்கிறது. இவருக்கு அந்த ஒரு வரியாவது இருக்கட்டும்.