கர்த்தர் சொல்லாததைச் சொன்னேன்

நான் சபையில் பொய்ச் சாட்சி சொன்னவன். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

1970 ஜூன் மாதம், எங்கள் சபையின் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்றேன். "இன்று காலை நான் முழங்காலில் இருந்தபோது, உன் பிள்ளைகளை நீயே வீட்டில் வைத்துப் படிப்பி என்று கர்த்தர் என்னோடு பேசினார்" என்று சொன்னேன். கர்த்தர் அப்படி எதுவும் பேசவில்லை. அன்று காலை நான் முழங்காலிலும் இல்லை. ஈஸிசேரில் உட்கார்ந்து கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். என் மூத்த மகள் நிர்மலாவை, நிம்மியை, ஐந்தாம் வகுப்பில் நிறுத்திவைத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியை ரூபி டீச்சர் என்னைக் கூப்பிட்டு அமைதியாகத்தான் சொன்னார். "பின்னக் கணக்கு இன்னும் பிடிபடல சார். ஒரு வருஷம் கூட இருக்கட்டும். நல்லா வந்திருவா." நான் பி.ஏ. படித்தவன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் ஹெட் கிளார்க். என் தகப்பனார் சாயர்புரத்தில் வாத்தியாராக இருந்தவர். எங்கள் குடும்பத்தில் யாரும் பெயிலானதில்லை. நிம்மியையும் அவள் தம்பி செல்வினையும் தங்கை ஹெலனையும் அந்த நிமிஷமே வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைக்குக் கொடுக்கும் ரெக்கார்டு ஷீட்டைக்கூட வாங்கவில்லை.

நாலு பேர் கேட்பார்களே என்ற பயம் வந்தது. மகள் பெயில் என்று சொல்ல வாய் வரவில்லை. கர்த்தர் சொன்னார் என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "தேவபயம் இல்லாத இடத்தில் பிள்ளைகளை விடக்கூடாது என்று எனக்கு உணர்த்தப்பட்டது" என்றும் சேர்த்துச் சொன்னேன். பெண்கள் பக்கத்தில் ரூபி டீச்சர் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மாதமே மூன்று குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மழைக்காலம் வருவதற்குள் ரூபி டீச்சர் எங்கள் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் வேறொரு ஆலயத்துக்குப் போகத் தொடங்கினார். அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த அளவுக்கு என் மனம் கெட்டிருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பொய்யில் தொடங்கிய அந்த வீட்டுப் படிப்பில் கர்த்தர் எங்களுக்குச் சந்தோஷத்தைத்தான் கொடுத்தார். நான் அதற்குத் தகுதியானவன் அல்ல. பிள்ளைகளுக்காகக் கொடுத்திருக்க வேண்டும்.

மில்லர்புரத்தில் எங்களுடையது சின்ன வீடு. காலை ஐந்தரைக்குக் குடும்ப ஜெபம். ஆறு மணியிலிருந்து எட்டரை வரை என் வகுப்பு. நான் ஆபீஸ் போன பிறகு என் மனைவி பாக்கியத்தின் வகுப்பு. அவள் எட்டாவது வரை படித்தவள். தோசை சுட்டுக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாள். தப்பினால் தோசை அடுத்த பிள்ளையின் தட்டுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் பதினாறாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளை கிடையாது.

அடுப்படிச் சுவரில் உலகப் படம் ஒட்டியிருந்தோம். எந்தக் கப்பல் எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறது என்று நான் ஆபீசிலிருந்து எழுதிக்கொண்டு வருவேன். பிள்ளைகள் படத்தில் விரல் வைத்துத் தேடுவார்கள். ஹெலனுக்கு அப்போது ஆறு வயது. "அப்பா, இவ்வளவு தூரம் வந்திருக்கே, அந்தக் கப்பல அதோட அம்மா தேடாதா?" என்று கேட்டாள். பாக்கியம் சிரித்த சிரிப்பில் தோசை கருகிவிட்டது.

ஒரு கோடையில் மொட்டைமாடியில் தாம்பாளங்களில் கடல்தண்ணீர் வைத்து உப்பு விளைவித்தோம். காக்கை இரண்டு தாம்பாளத்தைக் கவிழ்த்துவிட்டது. மிச்சத்தில் வந்த உப்பைச் செல்வின் பெருமையாகக் குழம்பில் போட்டான். குழம்பு கசந்தது. ஏன் கசக்கிறது என்பது அடுத்த வாரப் பாடமானது. ஒரு முழு நாள் உப்பளத்தில் நின்று கசப்புத் தண்ணீரை எப்படி வடித்துவிடுகிறார்கள் என்று பார்த்தோம். முகமெல்லாம் கறுத்து, உதடு வெடித்து, பாட்டுப் பாடிக்கொண்டே வீடு திரும்பினோம்.

நான் அச்சடித்த புரோகிரஸ் கார்டுகூட வைத்திருந்தேன். வகுப்பாசிரியர், தலைமை ஆசிரியர், பெற்றோர் என்று மூன்று இடத்திலும் என் கையெழுத்துத்தான்.

"இன்ஸ்பெக்டர் கையெழுத்தையும் நீங்களே போட்டிருங்க, வேல முடிஞ்சிரும்" என்பாள் பாக்கியம்.

இப்படியே ஐந்து வருஷம் ஓடியது. 1975 ஜனவரியில்தான் நெருக்கடி வந்தது. நிம்மிக்குப் பதினைந்து வயது. நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அது சும்மா சொல்லும் ஆசை அல்ல. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அங்கே போய் நிற்பாள். முதலில் எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சையைப் பிரைவேட்டாக எழுத வேண்டும். பிறகு எஸ்.எஸ்.எல்.சி. அதன் பிறகுதான் நர்ஸ் படிப்பு. விண்ணப்பத்தை அழகாக நிரப்பிக்கொண்டு கல்வி ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"ரெக்கார்டு ஷீட் எங்க சார்?"

"வாங்கல. வீட்ல வச்சித்தான் படிச்சா."

"பிறந்த தேதிக்கு அதுதானே சார் ஆதாரம்? கடைசியா படிச்ச பள்ளிக்கூடத்துல வாங்கிட்டு வாங்க. அது இல்லாம கலெக்டர் மகளே வந்தாலும் பரீட்சை நம்பர் கிடையாது. இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்து முழங்காலில் விழுந்தேன். இந்த முறை உண்மையாகவே விழுந்தேன். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். ஆனால் நான் என்ன கேட்டேன் தெரியுமா? "ஆண்டவரே, அந்த அம்மாளிடம் போகாமல் இந்தக் காரியம் நடக்க வேறு வழியைத் திறந்தருளும்" என்று கேட்டேன். ஞானஸ்நானச் சர்டிபிகேட்டை வைத்து முடியுமா என்று பார்த்தேன். தெரிந்த அதிகாரி ஒருவரைப் பிடித்துப் பார்த்தேன். எந்தக் கதவும் திறக்கவில்லை. நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. நிம்மி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

பாக்கியம்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "ஏங்க, கையெழுத்துப் போடுத ஆளு நாலு தெரு தள்ளி இருக்காவ. நீங்க எதுக்குக் கர்த்தர ஊரச் சுத்தி வரச் சொல்லுதிய?"

எனக்குக் கோபம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளைத் திரேஸ்புரம் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். பாடம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. சங்கு குளிக்கும் காலம். கரைக்கு வந்த சங்குகளை ஒருவர் இரும்பு வளையத்தில் விட்டு அளந்துகொண்டிருந்தார். வளையத்துக்குள் புகுந்து விழுபவை சிறியவை. அவற்றைத் தனியாக ஒரு கூடையில் போட்டார்.

"அது கழிவா அண்ணாச்சி?" என்று நிம்மி கேட்டாள்.

"கழிவா? நல்லாக் கேட்ட போ. உசுரோட இருக்கு புள்ள. சின்னதா இருக்குன்னு திரும்பக் கடல்லயே விட்டிருவோம். வளந்து வரட்டும்."

நிம்மி ஒரு சின்னச் சங்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு செல்வினிடம் சொன்னாள். "ஏலே, இந்தச் சங்குக்கு அப்பா கிடையாது போலுக்கு. பாரு, சண்ட போட யாரும் வரல."

இருவரும் சிரித்தார்கள். அந்த அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் கூடச் சிரித்தார். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஐந்து வருஷமாகத் தெரிந்திருந்தது. ஒரு வருஷம் கூட இருந்திருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவமானம் அவளுக்கு இல்லை. எனக்குத்தான் இருந்தது. அதை மறைக்கக் கர்த்தருடைய நாமத்தை இழுத்தேன். ஒரு குற்றமற்ற ஸ்திரீயைச் சபையை விட்டே துரத்தினேன்.

வீடு திரும்பும் வழியில், நடந்துகொண்டே, ஒரு சின்ன ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, நான் பொய் சொன்னேன். என்னை அந்த டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போம்." அவ்வளவுதான். மூன்று நாள் உபவாசத்தில் கிடைக்காத சமாதானம் அந்த நொடியில் கிடைத்தது.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ரூபி டீச்சர் தன் மேஜையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார். உக்காருங்க. நிம்மி எப்படி இருக்கா?"

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் அவர் அலமாரியைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். உள்ளே மூன்று ரெக்கார்டு ஷீட்டுகள். மூன்றிலும் 1970 ஜூன் மாதத் தேதி.

"நீங்க புள்ளைங்களக் கூட்டிட்டுப் போனிய பாருங்க, அன்னைக்குச் சாயங்காலமே எழுதிட்டேன். என்னைக்காவது தேவப்படும்லா. உங்க வீட்டம்மாள மார்க்கெட்ல பாக்கும்போதெல்லாம் நெனப்பேன். ஆனா நீங்க வந்து கையெழுத்துப் போட்டுல்லா வாங்கணும்? இங்கன போடுங்க."

கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாகப் போயிற்று. எழுந்து கைகூப்பினேன். "டீச்சர், நான் உங்களுக்குச் செய்தது பெரிய பாவம். என்னை மன்னிக்கணும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"என்கிட்டயா சொன்னிய அத? என்கிட்ட சொல்லியிருந்தா இந்த மேஜையோட போயிருக்கும் சார். கூட்டத்துலல்லா சொன்னிய."

மணி அடித்தது. நோட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார். கேட்டது கையில் இருந்தது. அவர் நிபந்தனை ஒன்றும் வைக்கவில்லை. அதனால்தான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்தேன். ஐந்து வருஷத்துக்கு முன் சொன்னது பொய் என்றேன். என் மகள் கணக்கில் தவறியதையும், என் கர்வத்தையும், ரூபி டீச்சர் ஒரு குற்றமும் செய்யாதவர் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "ஏலே, சாட்சி சொல்லுதவன நெறையப் பாத்திருக்கேன். வாபஸ் வாங்குதவன இன்னைக்குத்தான் பாக்கேன்." முதலில் சிரித்தவர் எங்கள் சபைப் போதகர் ஐயர்தான். பிறகு சபையே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. பள்ளியை விட்டுப் பிள்ளைகளை எடுத்த அந்த மூன்று வீட்டுக்கும் மறுநாளே போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் வாசலோடு அனுப்பினார்கள். மூன்றாம் வீட்டார் தங்கள் கடைசிப் பிள்ளையை அந்த ஜூனில் ரூபி டீச்சரிடமே சேர்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ரூபி டீச்சர் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழம நடந்தத எனக்கு ரெண்டு பேரு வந்து சொல்லிட்டாவ. அது முடிஞ்சுது, விடுங்க. பரீட்சைக்கு எத்தன வாரம் இருக்கு? ஏளா நிம்மி, கணக்கு நோட்ட எடுத்துட்டு வா."

அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். பின்னம் இன்னும் பிடிபடவில்லை. என் புரோகிரஸ் கார்டில் ஐந்து வருஷமாக நூற்றுக்குத் தொண்ணூறு.

"சார், இந்த நோட்டுல எல்லாக் கணக்கும் நீங்க போட்டது. புள்ள பாத்து எழுதியிருக்கா. நீங்கதான் பாஸ்."

பாக்கியம் அடுப்படியிலிருந்து கைதட்டினாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் டீச்சர் வந்தார். கணக்கு வகுப்பில் நான் வாய் திறக்கக்கூடாது என்பது சட்டம். நான் வாசலில் உட்கார்ந்து, வெயிலில் காயப்போட்ட கருவாட்டுக்குக் காவல் இருப்பேன். நிம்மி பரீட்சை எழுதினாள். தேறினாள். கணக்கில் நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு. டீச்சர் எதிர்பார்த்ததைவிட நல்ல கூடுதல். ரிசல்ட் வந்த அன்று அவள் முதலில் ஓடியது டீச்சர் வீட்டுக்குத்தான். பிறகு எஸ்.எஸ்.எல்.சி.யும் தேறி, நர்ஸ் ஆகி, முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். செல்வினும் ஹெலனும் கடைசி வரை வீட்டிலிருந்தே படித்தார்கள். அவர்கள் கணக்கும் சனிக்கிழமைக் கணக்குத்தான்.

எனக்கு இப்போது எண்பத்தாறு வயது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டீச்சர் எங்கள் சபைக்குத் திரும்பி வரவேண்டும் என்று பல வருஷம் ஜெபித்தேன். அவர் வரவில்லை. "அங்க எனக்கு ஓய்வுநாள் பள்ளிப் புள்ளைங்க இருக்கு சார், விட்டுட்டு எப்படி வர?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். நான் உடைத்த அந்த ஒன்று ஒட்டவில்லை. அதனால் பண்டிகை நாட்களில் நாங்கள் ஐந்து பேரும் அந்த ஆலயத்துக்குப் போய் அவரோடு ஆராதித்தோம். அவர் கண்மூடும் வரை அது நடந்தது.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது ஒரு காரியத்துக்காக நெடுநாள் ஜெபித்துக்கொண்டிருக்கலாம். சோர்ந்துபோகாதீர்கள், அவர் கேட்கிறவர். ஆனால் நீங்கள் போகாமல் தவிர்க்கிற வீடு ஏதாவது இருந்தால், இன்றைக்கே அங்கே போங்கள். ஜெபத்தைப் போகிற வழியில் செய்துகொள்ளலாம்.