எக்ரீஜியஸுக்கு மக்கன் பேடா

தோல் தொழிலில் இரண்டு பேரை யாரும் நம்பமாட்டார்கள்: பச்சைத்தோல் விற்பவரையும், வெளிநாட்டுக் கடிதத்துக்கு அர்த்தம் சொல்பவரையும். ஆம்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் நான் இரண்டாவது ரகம். அகராதியும் கையுமாக முதலாளி முன்னால் நின்றவர்களுக்கு என் பாடு தெரியும்.

மந்தை

மாதிரித் தோலைப் பார்த்த லண்டன் வியாபாரி, "உங்கள் வேலை எக்ரீஜியஸ்" என்று எழுதியிருந்தார். எனக்குச் சொல்லின் பூர்வீகம் என்றால் உயிர். அகராதியில் மேல் வரியில் இருக்கும் அர்த்தத்தை விட்டுவிட்டு, பூர்வீகம் சொல்லும் கீழ் வரியைத்தான் முதலில் படிப்பேன். லத்தீனில் 'மந்தையை விட்டுத் தனித்து நிற்பது' என்றிருந்தது. ஆஹா, பாராட்டு! முதலாளி ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்து, மொத்தச் சரக்கையும் அதே மாதிரி சாயம் போட்டு அனுப்பச் சொன்னார். சாயப் பிரிவு மேஸ்திரி தாமோதரன் மட்டும் பேடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாயம் கையில ஒட்டுதேன்னு நானே பயந்துனு இருந்தேன். இதைப் போய் பாராட்டுறான்னா, அந்த ஆளு மேலயே எனக்கு டவுட்டு சார்."

தோல்

சரக்கு போய்ச் சேர்ந்ததும் அடுத்த கடிதம். சாயம் ஒட்டுகிறதாம், எங்களை எக்ஸ்கோரியேட் செய்யப்போகிறாராம். இந்த முறை இரண்டு வரியும் பார்த்தேன். மேலே, கடுமையாகச் சாடுவது. கீழே, லத்தீனில் தோலை உரிப்பது. "லேசா திட்டுவாராம்" என்றேன். முதலாளி என் முகத்தையே பார்த்தார். "கீழ இன்னா போட்டிருக்கு?" சொன்னேன். தாமோதரன் அசராமல் முதலாளியிடம் சொன்னார்:

"உரிக்கட்டும் பாய். உரிச்சா உப்பு போட்டு நம்மகிட்டதானே அனுப்பணும்?"

கல்

முதலாளி சிரிக்கவில்லை. மேஸ்திரிதான் சாயம் பிடிக்கப் போடும் மருந்தைக் கம்மி பண்ணிவிட்டார் என்று சந்தேகப்பட்டு, திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். நான் அகராதியை மறுபடி பிரித்து, எக்ரீஜியஸுக்கு மேல் வரியைப் படித்தேன்: 'படுமோசமான'. அந்தக் காலத்துப் பாராட்டு, இந்தக் காலத்து வசவு! வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் மூன்றாவது கடிதம். எச்சரித்தும் அதையே அனுப்பியவர்களுக்கு அடுத்த ஆர்டர் தர ஸ்க்ரூபிள் தடுக்கிறதாம். மேலே, மனசாட்சியின் உறுத்தல். கீழே, கூரான சின்னக் கல். செருப்புக்குள் கல் கிடந்தால் எப்படியிருக்கும் என்று ஆம்பூர்க்காரனுக்குச் சொல்ல வேண்டுமா? நேரே முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

தாமோதரன் வேலை தப்பியது. ஆனால் இனி நான் கடிதம் படிக்கும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாத மனிதர், அகராதியில் என் விரல் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டு கேட்கிறார்:

"மேல் வரிதானே சார் இது?"

பூர்வீகம் விசாரிப்பதெல்லாம் பெண் பார்க்கப் போகும்போது சரி. கடிதம் படிக்கும்போது, ஐயா, இன்றைய யோக்கியதையை முதலில் பாருங்கள்.