மேற்கோள் அட்டவணையில் என் பெயர்

எலியின் மூளையில் ஒற்றை நரம்பணுவுக்குப் பக்கத்தில் கண்ணாடி ஊசியை இறக்கி, அது துடிக்கும் சத்தத்தை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. எழுபதுகளில் எங்கள் பல்கலைக்கழகக் கட்டடத்தில் இந்த வேலையைச் செய்தவள் நான் மட்டும். பேச்சுத் துணைக்கு அந்த நரம்பணுதான். அதுவும் சாயங்காலத்துக்குள் செத்துப்போகும்.

கட்டுரை எழுதி வெளிநாட்டு இதழ்களுக்கு அனுப்புவேன். அச்சாகும். அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது. அதை யாராவது படித்துத் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று அறிய எனக்கிருந்த ஒரே வழி, வருடாவருடம் நூலகத்துக்கு வரும் மேற்கோள் அட்டவணை. செங்கல் கனத்தில் தொகுதிகள், எறும்பு மாதிரி எழுத்து. ஆய்வாளரின் பெயர் இருக்கும், அதன் கீழ் அவரை மேற்கோள் காட்டியவர்கள் இருப்பார்கள். நான் என் பெயரைத் தேடுவேன். இருக்காது.

அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். அம்மா எப்போதோ போய்விட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து தோசை சாப்பிடுவோம். அட்டவணை வந்துவிட்டது என்று சொன்னால் போதும், தோசையை மறந்துவிடுவார்.

"யாராச்சும் படிச்சிருக்காங்களாம்மா?"

"இல்லப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"எல்லாம் பாத்தாச்சு. என்னை எவனும் படிக்கல. போதுமா?"

அவர் தன் வடையைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் வைப்பார். எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஆனாலும் உலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

எண்பதுகளில் தெம்பனிஸில் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைத்தது. "நல்லா காத்து வருது," என்று அப்பா ஜன்னலை விட்டு நகரமாட்டார். அந்தக் காற்றை ஒரு வருடம்கூட முழுதாக அனுபவிக்காமல் தூக்கத்திலேயே போய்விட்டார். அதன்பின் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், காலையில் நான் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கும். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அட்டவணையில் இந்த முறையும் நான் இல்லையென்றால் ஆய்வுக்கூடத்தைக் காலி செய்துவிட்டுப் பாடம் நடத்துவதோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவெடுத்தேன். ஒரு சனிக்கிழமை நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். நான் இல்லை.

தொகுதியை மூடிய பிறகும் எழுந்துகொள்ள மனம் வரவில்லை. இந்தப் பதிலை யாரிடம் போய்ச் சொல்வது? திடீரென்று அப்பாவின் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் போலிருந்தது. தொலைபேசிப் புத்தகத்தில் தெரிந்தவர் பெயரைத் தேடுவோமே, அந்த மாதிரி. அவர் பெயரில் வேறு எவனாவது இருந்தாலும் போதும் என்றுதான் அந்த எழுத்துக்குரிய தொகுதியை எடுத்தேன்.

அப்பாவின் பெயர் இருந்தது. பக்கத்தில் என் முதலெழுத்து. கீழே என் கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக நின்றார்கள். பழைய தொகுதிகளை இழுத்துப் பார்த்தேன். அவற்றிலும் இருந்தார்கள்.

அடையாள அட்டையில் என் பெயர், நடுவில் 'மகள்' என்பதற்கான ஆங்கிலக் குறிப்பு, கடைசியில் அப்பா பெயர். கட்டுரைகளில் நடுவில் இருப்பதை விட்டுவிட்டு இரண்டையும் சேர்த்து எழுதினேன். அட்டவணை போட்டவர்கள் கடைசியில் இருந்ததைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நமக்கு ஏது குடும்பப் பெயர்? என்னைத் தேடும்போது என் பெயரைத்தான் தேடினேன். நான் அங்கே அப்பா பெயரில் இருப்பேன் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பஸ் பிடித்து நேராக அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். அப்பா போன பிறகு அங்கே போவது அதுதான் முதல் தடவை.

"என்னக்கா, ஐயா வரலியா?" என்றார் பரிமாறுபவர்.

"இல்ல," என்றேன்.

அவர் தோசையும் வடையும் வைத்துவிட்டு நகர்ந்தார். நான் எதிர் நாற்காலியைப் பார்த்து, "படிச்சிருக்காங்கப்பா. நான்தான் நல்லாப் பாக்கல," என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வடையைப் பிய்த்தேன். பாதியை வைக்க எதிரில் தட்டு இல்லை.