நாற்பதுக்குப் பூஜ்ஜியம்

இன்று காலை எங்கள் வீட்டு வரலாற்றில் ஒரு முக்கிய முடிவு எடுக்கப்பட்டது. மகள் கவிதா, சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காகச் சென்னையில் பயிற்சி வகுப்பில் சேரலாமா என்பதை ஒரு மாதிரி வினாத்தாள் தீர்மானிக்கும்.

அவளுக்குச் சேர ஆசை. என் கணவர் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர்.

"சாம்பிள் பாக்காம நாங்க எதையும் உள்ள வுடமாட்டோம். நீயே பாதி மார்க் எடுத்துட்டா கிளாஸ் எதுக்கு?" என்றார்.

நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். மதியம் அவரே திருத்தினார். பூஜ்ஜியம்.

"பாத்தியா நைனா, எனக்கு ஒண்ணுமே தெரில" என்றாள் கவிதா, மிகுந்த வருத்தத்துடன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ண மூடிக்கினு டிக் அடிச்சாலே பத்து வரும். லோடு மொத்தமும் ரிஜெக்ட்டுன்னா யாரோ வேணும்னே பண்ணிகீறாங்கன்னு அர்த்தம். நாப்பதும் தப்பா போடணும்னா நாப்பதுக்கும் சரியான பதில் தெரிஞ்சிருக்கணும்மா."

"அது உன் சந்தேகம் நைனா. சாட்சி எங்க கீது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் குழம்பைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை முதல் கவிதா பொன்னேரியில் காலை ஆறு மணி சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும்.