ஆக்லாந்துக்குப் போகுமுன் ஒரு பாஸ்தா

2007 பிப்ரவரி 10, சனிக்கிழமை. ஃபிஜியில், நாண்டி விமான நிலையத்துக்கு வடக்கே சபேட்டோ பள்ளத்தாக்கில் அப்போது வாடகைக்குக் குடியிருந்தேன். அன்று காலை ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, சாமி விளக்கேற்றி, இரண்டு துண்டு ரொட்டியும் தேநீரும் முடித்து, ஐந்தே முக்காலுக்கு விமான நிலைய வேனில் ஏறினேன். ஓடுபாதை விளக்குகளைப் பராமரிக்கும் பிரிவில் எனக்கு வேலை. மாலை நான்கு மணிக்குத் திரும்பி, சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். அந்த மாதங்களில் எல்லா நாளும் இப்படித்தான் போயிற்று.

டிசம்பரில் தலைநகர் சூவாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மனைவியையும் மகள்களையும் திருச்சிக்கு அனுப்பிவிட்டேன். என் ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. எங்கள் பிரிவில் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று கிளம்பிப் போக, அவர்களுடைய வேலையும் மிச்சமிருந்தவர்கள் தலையில் விழுந்தது. முதலில் போனவர்களுக்குக் கேக் வெட்டி விருந்து வைத்தோம். பிறகு கேக் வாங்குவதையே விட்டுவிட்டோம். அவ்வளவு அலுப்பு.

அடுத்த வீட்டுக்காரர் கரும்பு விவசாயி. அறுபது தாண்டியவர். பாட்டன் காலத்தில் சென்னையில் கப்பலேறிக் கூலிக்கு வந்த குடும்பம். அந்தக் காலத்துத் தமிழ் அவர் வாயில் இன்னும் இருந்தது; அவர் மகளுக்கு வராது. மனைவி இறந்து மூன்று வருடம். அதன்பின் தம்பி வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சாப்பாடு வந்துகொண்டிருந்தது. நிலத்தின் குத்தகைக் காலம் முடிந்துவிட்டது, மறுபடி தரவில்லை. ஆக்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் விசா வாங்கியிருந்தாள். மறுநாள் மதியம் அவருக்கு விமானம்.

நான் பாயை விரிக்கும்போது அவர் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் ஸ்பாகெட்டி பாக்கெட், மறு கையில் உள்ளங்கை அளவு வீடியோ கேம் பெட்டி.

"இன்னா தம்பி, தூங்கிட்டியா?"

"தூங்கப் போறேன் அண்ணே."

"அச்சா, அப்போ இன்னும் தூங்கல. எழுந்து வா."

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த ஆறு வயதுப் பேரன் அந்தப் பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அதில் ஒரு குட்டி மனிதன் காடு மேடெல்லாம் நடக்கிறான். களைத்துப் போனால் சட்டி வைத்துச் சமைக்கிறான். சட்டிக்கு மேலே வரிசையாகப் படங்கள் வரும்: மஞ்சள் குச்சிக் கட்டு, சிவப்பாக ஒன்று, பச்சை இலை, வெண்ணிறத் துண்டு. எழுத்தே கிடையாது. சாப்பிட்டதும் அவன் துள்ளிக்கொண்டு கிளம்புவான். பேரன் இரவில் அந்தப் படத்திலிருக்கும் ஸ்பாகெட்டியைத் தவிர வேறு எதையும் சாப்பிடுவதில்லையாம். மகளுக்கும் மருமகனுக்கும் இரவு வேலை. இனிமேல் பிள்ளையின் இரவுச் சாப்பாடு இவர் பொறுப்பு. இவரோ தேநீர்கூடப் போட்டதில்லை; கையிலிருந்த சமையல் குறிப்பு அந்தப் படங்கள்தான்.

"அங்க போயி சும்மா குந்திகினு துன்னறதுக்கா போறேன்? பொண்ணு ஒண்ணும் சொல்ல மாட்டா. மாப்பிள்ளை பாப்பான் பாரு ஒரு பார்வை! இது எனக்கு வரலேன்னா நான் பிளேன் ஏறல தம்பி. வடக்குத் தீவுல, ட்ரெகேட்டில தங்கச்சி நெல்லு போடறா. அவ வூட்டுக்குப் போயிடறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நான் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, முந்தின நாள் கட்டிவைத்த பெட்டி திறந்து கிடந்தது. சட்டைகள் எல்லாம் வெளியே, கட்டில்மேல்.

அடுப்படியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த மாத்திரத்தில் கண் சொருகிவிட்டது. விழித்தது இருமலில். அவர் பாதிப் பாக்கெட்டை ஒடித்து, சேமியா வறுப்பதுபோல் நெய்யில் வறுத்திருந்தார். அதன்மேல், படத்தில் பார்த்த சிவப்பு என்று, போங்கோ மிளகாய் நாலைந்தைக் கீறிப் போட்டிருந்தார். போங்கோ மிளகாய் குண்டாக, பளபளவென்று இருக்கும். அந்தச் சின்னத் திரையில் பார்த்தால் தக்காளிக்கும் அதற்கும் எனக்குமே வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆனால் அதன் காரம் நம் ஊர் மிளகாயைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இரண்டு பேரும் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினோம்.

பக்கத்து ஃபிஜியக் கிராமத்துப் பெண் ஒருத்தி வேலியோரம் வந்துகொண்டிருந்தாள். மகளைக் கையில் பிடித்திருந்தாள். அவர்கள் பேசிக்கொள்வது ஃபிஜி இந்தியில்; எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். அவரை அவள் கூப்பிடும் 'மோமோ' அவர்கள் மொழியில் மாமா.

"மோமோ! பட்டாளம் வந்துட்டுதா? கண்ணீர்ப் புகையா?"

"பட்டாளம் இல்லே, சமையல்!" என்றார் தும்மலுக்கு நடுவே.

அவள் புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "உங்களை டிசம்பர்லயே சூவாவுக்கு அனுப்பியிருக்கணும். துப்பாக்கியைப் போட்டுட்டு ஓடியிருப்பானுங்க."

அவர் குத்தகைக்குப் பயிரிட்ட கரும்பு நிலம் அவளுடைய குலத்தாருக்குச் சொந்தம். சிரிப்பு அடங்கியபின் அவளே கேட்டாள்: "போகாம இருந்தா என்ன, மோமோ?"

"குத்தகை முடிஞ்சுபோச்சே. உங்க பெரியவங்ககிட்ட நீ சொல்லேன்."

"இசா..." என்றாள். வேறு எதுவும் சொல்ல முடியாத இடத்தில் அவர்கள் சொல்கிற சொல். காரம் அடங்கியதும் அவர் அடுப்படிக்குத் திரும்பினார்; அவளும் மகளோடு பின்னாலேயே வந்தாள்.

மிச்சம் பாதிப் பாக்கெட்தான். பக்கத்துக் கடையை மதியமே மூடியாயிற்று. நாண்டிக்குப் போகலாமென்றால் வழியில் ராணுவச் சோதனை. போய் வர இருட்டிவிடும். எனக்கோ நிற்க முடியாத தூக்கம். நானே செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று கரண்டிக்குக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"நீ நல்லாத்தான் செய்வே. அப்போ ஆக்லாந்துக்கும் நீயே போறியா? டிக்கெட்டைக் குடுக்கறேன், போ."

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். விளக்கில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் கை தானாகப் போகிற தொழில் என்னுடையது. வாயால் மட்டும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, அன்று பகல் முழுவதும் செய்த வேலையைவிட என்னைச் சோர்வாக்கியது. தண்ணீர் பொங்கி அடுப்பை அணைத்தது. மறுபடி பற்றவைத்தார். வெந்ததா என்று என்னைக் கேட்டார். கடித்துப் பாருங்கள் என்றேன். கடித்தார், நாக்கைச் சுட்டுக்கொண்டார். மனைவி கஞ்சி வடித்ததைப் பார்த்த ஞாபகத்தில் துணி சுற்றி, மூடியோடு சாய்த்தார். மூடி வழுக்கிக் கால்வாசி தொட்டியில் போயிற்று. நான் எழுந்தேன்.

"குந்து" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

ரசத்துக்கென்று என் வீட்டில் வைத்திருந்த தக்காளிகளை எடுத்து வந்து கொடுத்தேன். எண்ணெயில் பூண்டு, தக்காளி, உப்பு. பச்சை இலைக்கு அவர் கொல்லையில் கறிவேப்பிலைதான் இருந்தது. வெண்ணிறத் துண்டுக்கு, பேரனுக்கென்று வாங்கி மிஞ்சியிருந்த சீஸை மேலே துருவினார். பாஸ்தா என்றும் சொல்ல முடியாது, உப்புமா என்றும் சொல்ல முடியாது.

அந்தப் பெண்ணின் மகளுக்கும் ஆறு வயது. தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒட்டினாள். ஒரே ஒரு இழையை உறிஞ்சிப் பார்த்தாள். பிறகு குனிந்தவள் நிமிரவில்லை. தட்டை நக்கியபின், "அவுர்?" என்று கேட்டாள். இன்னும் வேண்டுமாம்.

"நம்ம வீட்டுல கசாவாக் கிழங்குக்கு இந்த நாக்கு வெளியே வந்ததில்லையே!" என்றாள் தாய்.

எங்களுக்கென்று இருந்ததையும் அவர் சிறுமியின் தட்டில் கொட்டினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார்.

பேரன் அதைச் சாப்பிட்டானா என்று எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் முடிந்து நானும் ஊர் வந்துவிட்டேன். அப்புறம் தொடர்பு விட்டுப்போயிற்று. இப்போதும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தடுமாறும்போது, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், அவர்கள் கையிலிருப்பதைப் பிடுங்காமல் நிற்கப் பார்க்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிறு. நான் முதலில் செய்தது, தட்டிய சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தது. அவர் நின்றார், முழுக்கால்சட்டை, சீவிய தலை, அவர் காலில் நான் அதுவரை பார்த்திராத ஷூ. கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல், தண்ணீர் வைப்பதிலிருந்து சீஸ் துருவுவது வரை ஒன்றுவிடாமல் சொன்னார். கறிவேப்பிலையையும் சேர்த்துச் சொன்னார், நான் திருத்தவில்லை. "சரியா?" என்றார். "சரிதான் அண்ணே" என்றேன். நாட்டைவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேரை அந்த விமான நிலையத்தில் பார்த்திருக்கிறேன். புது வேலையில் சேரப் போகிறவனின் பயத்தோடும் மிடுக்கோடும் கிளம்பியவர் என்று நினைத்தால் இன்றும் எனக்கு அவர் முகம்தான் வருகிறது.