எரிமலைச் சாலையில் ஒரு வளைவு

கிளேட்டனில் நான் போகும் ஜிம்மில் அவர் தினமும் எனக்கு அடுத்த சைக்கிளில் இருப்பார். அறுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடுதான் மிதிப்பார். சைக்கிளுக்கு முன்னால் இருக்கும் திரையில் எந்த ஊர்ச் சாலையை வேண்டுமானாலும் ஓட விடலாம். அவர் போடுவது ஒரே சாலைதான். ஏதோ ஒரு வெப்பமண்டலத் தீவில், கடற்கரையில் தொடங்கி எரிமலையின் உச்சி வரை ஏறும் நீண்ட சாலை. யாரோ சைக்கிளில் போய்ப் படம்பிடித்தது.

பாதி மலையில் ஒரு வளைவு வரும். அங்கே பழம் விற்கும் பெண் கேமராவைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டுவாள். அவரும் கைப்பிடியை விட்டு வலது கையைத் தூக்குவார். கொஞ்ச தூரம் போனதும் இறங்கிவிடுவார்.

ஒரு நாள் கேட்டேன்.

"அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா அங்கிள்?"

"இல்லை தம்பி. அவ ஒவ்வொரு நாளும் கை காட்டுறா. நான் பேசாமப் போனா என்ன நினைப்பா?"

"உச்சி வரைக்கும் போகலாமே?"

"அதுக்கு மேல சனம் இல்லை," என்று சொல்லிவிட்டு, துண்டால் இருக்கையைத் துடைத்தார்.

குளிர் தொடங்கியதிலிருந்து அவரைக் காணவில்லை. விசாரிக்கலாம் என்றால் பெயர் தெரியாது. நேற்று அவருடைய சைக்கிளில் ஏறி அதே சாலையைப் போட்டேன். வளைவு வந்ததும் கையைத் தூக்கினேன். அவளும் காட்டினாள். ஆனால் எனக்குப் பின்னால் வேறு யாரையோ தேடுவது போல இருந்தது.