கரண்ட் போன நேரம்

கோபம் வந்தால் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள் என்று போனில் வரும் வீடியோக்களில் சொல்கிறார்கள். பத்து எண்ணுவதற்குள் நான் ஒரு பனியனுக்குத் தோள் மூட்டிவிடுவேன். எனக்கென்று வேறொரு வழி வைத்திருந்தேன்.

நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வரிசையாக மிஷின்கள் ஓடும். அதற்கு மேல் ஸ்பீக்கரில் பாட்டு அலறும். பக்கத்தில் இருப்பவளிடம் பேசவே கத்த வேண்டும். அந்தச் சத்தத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு வாய்க்கு வந்தபடி திட்டுவேன். பெரும்பாலும் மாமியாரைத்தான். இடுப்பு எலும்பு உடைந்து படுக்கையில் கிடந்தார். பகலில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துக்கொள்வார்; மற்றதெல்லாம் என் பாடு. திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் சிரித்த முகத்தோடு அவருக்குச் சோறு ஊட்ட முடியும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்று காலை மாமியாருக்குத் துணி மாற்றிவிட்டு நான் வாசலுக்கு வந்த பிறகு அவர் மறுபடி நனைத்துவிட்டார். திரும்பப் போய் மாற்றிவிட்டு ஓடினால் கம்பெனி வேன் போய்விட்டது. பஸ் பிடித்துத் தாமதமாகப் போனதற்கு சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் பேசினார். அவரிடம் வாயைத் திறக்கவில்லை. மிஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்ததும் திறந்தேன்.

கரண்ட் போனது. மிஷின்களும் பாட்டும் சேர்ந்து நின்றன. என் வாய் நிற்கவில்லை.

“இந்தக் கெழவி எப்பச் செத்துத் தொலையறது, நா எப்ப நிம்மதியாத் தூங்கறது.”

சிலர் சிரித்தார்கள், அவர்கள் வீட்டிலும் மாமியார் இருக்கிறார்கள். பின்னால் செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த என் நாத்தனார் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மாவைத்தான் நான் சாகச் சொல்லியிருந்தேன். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். ஜெனரேட்டர் போட்டு மிஷின்கள் ஓட ஆரம்பித்த பிறகும் எனக்கு வேலையில் கை ஓடவில்லை. அவமானத்தில் காது வரை எரிந்தது.

ஷிப்ட் விட்டதும் அவளாகவே வந்தாள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அது மனதிலிருந்து வந்த வார்த்தை இல்லை, இங்கே கொட்டினால்தான் அங்கே சும்மா இருக்க முடிகிறது என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

“அம்மாவ ஞாயித்துக்கெழம எங்கூட்டுக்குக் கூட்டீட்டுப் போயிக்கறனுங்க அண்ணி. முடியலீன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க.”

உண்மைதான். மிஷினிடம் சொன்னதில் பாதியை அவளிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஆட்டோவோடு வந்தாள். மகள் ஆசைப்பட்டுக் கூப்பிடுகிறாள் என்றுதான் மாமியார் நினைத்திருந்தார். ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கி அவரை ஏற்றினோம். உட்கார்ந்ததும் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு மகளிடம் சொன்னார்.

“என்ற மருமவ ஒரு நா மூஞ்சி சுளிச்சதில்ல கண்ணு. நீயும் அப்பிடிப் பாத்துக்கோணும்.”

நாத்தனார் என் பக்கம் திரும்பவில்லை. “சரீங்கம்மா” என்று சொல்லி, அவர் காலை மெல்லத் தூக்கி உள்ளே வைத்தாள். அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.